ஸ்டாப் அமுக்கியாச்சு, ஆனா உள்ள யாரோ இருக்காங்க

போன இதழ்ல போர்ட் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த மெயில் எல்லாம் பாத்தா எல்லாருக்கும் ஒரே வியாதி தான் போல. டீபக் பண்றோம், அதாவது ப்ரோக்ராமை ஓட்டி தப்பை தேடறோம், நிறுத்தறோம், ஆனா ப்ரோக்ராம் சாகல, பின்னாடி எங்கயோ ஓடிட்டு இருக்கு, அடுத்த தடவை ரன் பண்ணும்போது காலை வாருது. அதனால இந்த இதழ் முழுக்க அது மட்டும் தான், பிரிண்டர் கேள்வி கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க. கமாண்ட் எல்லாம் தமிழ் எழுத்துல தான் இருக்கும், வாய்விட்டு படிச்சீங்கன்னா என்ன டைப் பண்ணணும்னு புரிஞ்சிடும்.

கேள்வி (ஃபைனல் இயர் மாணவர், மதுரை): அண்ணா, நோட் ஜேஎஸ்ல காலேஜ் ப்ராஜெக்ட் பண்றேன். சர்வரை கன்ட்ரோல் இசட் அடிச்சு நிறுத்திட்டு கோட் மாத்திட்டு திரும்ப ஓட்டினா 3000 போர்ட் ஏற்கனவே யூஸ்ல இருக்குன்னு எரர் வருது. ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்றேன். வேற வழி இல்லையா?

பதில்: தம்பி, வியாதியும் மருந்தும் உங்க கேள்வியோட முதல் வரிலயே இருக்கு. கன்ட்ரோல் இசட் நிறுத்தறதுக்கான கீ இல்ல, தூங்க வைக்கற கீ. வேர்ட்ல அன்டூ பண்ணி பழகின கை, டெர்மினல்லயும் அதுவா அங்க போயிடுது. அதை அடிச்சதும் ப்ராசஸ், அதாவது ஓடிட்டு இருக்கற ப்ரோக்ராம், அப்படியே உறைஞ்சு நிக்கும், ஆனா அது திறந்து வெச்ச போர்ட், அதாவது வெளிய இருந்து வர்றவங்களுக்கான நம்பர் போட்ட வாசல், திறந்தே தான் இருக்கும். கடை ஷட்டர் மேல, முதலாளி கல்லாவுல தலை சாய்ச்சு தூங்கறார், வர்ற கஸ்டமர் எல்லாம் வாசல்லயே நிக்கறாங்க, அதே கதை தான். நீங்க கவனிச்சிருப்பீங்க, அந்த நேரத்துல பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் அடிச்சா எரர் கூட வராது, சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், ஏன்னா கனெக்‌ஷனை சிஸ்டத்தோட மையமான கெர்னல் வாங்கி வரிசைல நிறுத்தி வெச்சிடுது, பதில் சொல்ல வேண்டியவர் தான் தூக்கத்துல இருக்கார்.

அதே டெர்மினல்ல ஜாப்ஸ்னு அடிங்க, தூங்கறவங்க லிஸ்ட் வரும். எஃப்ஜின்னு அடிச்சா கடைசியா தூங்க வெச்சது எழுந்து முன்னாடி வரும், அப்புறம் கன்ட்ரோல் சி அடிச்சா ஒழுங்கா செத்துடும். இனிமே நேரா கன்ட்ரோல் சி தான், இசட் பக்கமே போகாதீங்க.

டெர்மினலையே மூடிட்டீங்க, எது புடிச்சிருக்குன்னு தெரியல, அப்ப என்ன பண்றது? மேக், லினக்ஸ்னா எல்எஸ்ஓஎஃப் மைனஸ் ஐ கோலன் 3000, அந்த போர்ட்டோட சம்பந்தப்பட்ட எல்லா ப்ராசஸும் நம்பரோட வரும். இங்க ஒரு குழி இருக்கு, நெட்ல பாத்து காப்பி அடிக்கறவங்க எல்லாரும் விழற குழி. இந்த லிஸ்ட்ல சர்வர் மட்டும் வராது, அந்த சர்வரோட பேசிக்கிட்டு இருக்கற உங்க பிரவுசரும் வரும். வந்த நம்பரை எல்லாம் அப்படியே கில் கமாண்டுக்கு குடுக்கற ஒத்தை வரி ட்ரிக் ஒன்னு சுத்திக்கிட்டு இருக்கு, அதை அடிச்சா சர்வரோட சேர்த்து பிரவுசரும் போயிடலாம், 40 டேப் திறந்து வெச்சிருந்தீங்கன்னா எனக்கு சாபம் விடுவீங்க. அதனால கடைசில ஒரு மைனஸ், சின்ன எஸ், அதோட ஒட்டி பெரிய எழுத்துல டிசிபி, கோலன், லிசன், இதையும் சேர்த்துக்கங்க, காது குடுத்துக்கிட்டு இருக்கறவர் மட்டும் வருவார்.

விண்டோஸ்னா நெட்ஸ்டாட் மைனஸ் ஏஎன்ஓ, கடைசி நெடுவரிசைல இருக்கறது தான் ப்ராசஸ் நம்பர். டாஸ்க்கில் ஸ்லாஷ் பிஐடி, நம்பர், ஸ்லாஷ் டி, ஸ்லாஷ் எஃப். டி போட்டா அது பெத்த குழந்தைங்களையும் சேர்த்து முடிக்கும், இது முக்கியம், ஏன்னா என்பிஎம் ரன் டெவ்னு அடிச்சா நீங்க நினைக்கற மாதிரி ஒரே ப்ராசஸ் ஓடறதில்ல, என்பிஎம் ஒரு ஷெல்லை பெக்கும், ஷெல் நோடை பெக்கும், தாத்தாவை மட்டும் கொன்னா பேரன் அநாதையா நின்னு போர்ட்டை புடிச்சுக்கிட்டு இருப்பான். லினக்ஸ்ல அப்படி அநாதை ஆனதை வழக்கமா 1ஆம் நம்பர் ப்ராசஸ் தத்து எடுத்துக்கும், பிஎஸ் கமாண்ட்ல பேரண்ட் நம்பர் 1ன்னு உங்க நோட் ப்ராசஸ் ஒன்னு இருந்தா பெரும்பாலும் இந்த கதை தான்.

கேள்வி (பெயர் வேண்டாம், சென்னை): சார், கில் அடிச்சா எதுக்கு மைனஸ் 9? நேரா அதையே அடிச்சா வேலை சீக்கிரம் முடியுதே?

பதில்: முடியும் தான். வெறும் கில் அடிச்சா போறது 15ஆம் நம்பர் சிக்னல், அது கதவை தட்டி "கடையை கட்டுங்க"ன்னு சொல்றது, ப்ரோக்ராம் ஃபைலை எழுதி முடிச்சு, டேட்டாபேஸ் கனெக்‌ஷனை மூடி, டெம்ப் ஃபைலை அழிச்சிட்டு போகும். 9 அடிச்சா ப்ரோக்ராமுக்கு தகவலே போகாது, கெர்னல் நேரா ஆளை தூக்கிடும். அதுக்கப்புறம் பின்னாடி மிச்சம் இருக்கறதை யார் கூட்டிப் பெருக்கறது? ரூபி ஆன் ரெயில்ஸ்ல வெப்சைட் எழுதறவங்களை கேளுங்க, சர்வர் ஏற்கனவே ஓடுதுன்னு சொல்லும், தேடிப் பாத்தா எதுவும் ஓடாது, டெம்ப் ஃபோல்டருக்குள்ள பிட்ஸ் ஃபோல்டர்ல சர்வர் டாட் பிட்னு ஒரு ஃபைல் மட்டும் பழைய நம்பரோட உக்காந்திருக்கும், மைனஸ் 9 ஆளுங்க விட்டுட்டுப் போன சொத்து அது. ஃபைலை அழிச்சா சரியாயிடும், ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி அந்த நம்பர்ல நிஜமாவே யாரும் இல்லையான்னு பாருங்க.

15 அடிங்க, அஞ்சு பத்து செகண்ட் விடுங்க, அப்புறமும் அடம் புடிச்சா 9. முதல்ல சொன்ன மாணவர் மாதிரி கன்ட்ரோல் இசட்ல தூங்கறதுக்கு 15 அனுப்பினா ஒன்னும் நடக்காத மாதிரி தெரியும், ஏன்னா அது எழுந்தா தான் கடிதத்தை படிக்கும், எழுப்பற வரைக்கும் சிக்னல் காத்துக்கிட்டே இருக்கும்.

கேள்வி (ஐடி ஊழியர், கோவை): விஎஸ் கோட்ல டீபக் பண்றேன். ஸ்டாப் அமுக்கினா சில நேரம் ப்ரோக்ராம் நிக்குது, சில நேரம் நிக்கல. என் மெஷின்ல தான் ஏதோ கோளாறா?

பதில்: கோளாறு இல்ல, நீங்க ரெண்டு வேற வேற பட்டனை ஒன்னுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அடுத்த தடவை அமுக்கறதுக்கு முன்னாடி அந்த ஐகானை உத்துப் பாருங்க. சிவப்பு சதுரமா இருந்தா டீபக்கர் தான் ப்ரோக்ராமை ஆரம்பிச்சிருக்கு, அதாவது லாஞ்ச், அமுக்கினா முடிச்சிடும். பிளக்கை புடுங்கற மாதிரி ஐகான் இருந்தா ஏற்கனவே ஓடிட்டு இருந்த ப்ரோக்ராம்ல போய் ஒட்டிக்கிட்டு இருக்கீங்க, அதாவது அட்டாச், அமுக்கினா டீபக்கர் மட்டும் கழண்டுக்கும், ப்ரோக்ராம் அது பாட்டுக்கு ஓடும். அது நியாயம் தான, நீங்க பெக்காத பிள்ளையை நீங்க அடிக்கக் கூடாதுல்ல. லினக்ஸ்ல ஜிடிபிங்கற டீபக்கர் கூட இதே மரியாதையை தான் காப்பாத்துது, தானே ஆரம்பிச்ச ப்ரோக்ராம்னா வெளிய வரும்போது கொன்னுடுவேன்னு கேட்கும், அட்டாச் பண்ணினதுன்னா கழட்டி விட்டுடுவேன்னு கேட்கும், நம்ம தான் படிக்காம ஒய் அடிச்சிட்டு போறோம்.

ஆனா உங்க பிரச்னை இது மட்டும் இல்லன்னு நினைக்கறேன். லாஞ்ச் டாட் ஜேசான் ஃபைல்ல ப்ரீலாஞ்ச்டாஸ்க்னு ஒன்னு போட்டிருப்பீங்க, டீபக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்பிஎம் ரன் டெவ் ஓட்டற மாதிரி. அந்த டாஸ்க் டீபக்கரோட பிள்ளை இல்ல, எடிட்டரோட பிள்ளை. ஸ்டாப் அமுக்கினா பிரவுசர் மூடும், டாஸ்க் கீழ டெர்மினல் பேனல்ல நிம்மதியா ஓடிட்டு இருக்கும், பேனலை மறைச்சு வெச்சிருந்தீங்கன்னா கண்ணுலயே படாது. அதுக்கு ஜோடியா போஸ்ட்டீபக்டாஸ்க்னு ஒன்னு இருக்கு, டீபக் முடிஞ்சதும் ஓட வேண்டியதை அதுல குடுக்கலாம், டாஸ்க்கை டெர்மினேட் பண்ற எடிட்டர் கமாண்டையே அதுல கோத்து விட்டுட்டா ஆரம்பிச்சதும் அதுவே, முடிக்கறதும் அதுவே. சர்வரும் க்ளையன்டும் சேர்த்து காம்பவுண்டா ஓட்டறீங்கன்னா ஸ்டாப்ஆல் ட்ரூன்னு ஒரு வரி சேர்த்துடுங்க, இல்லேன்னா ஒன்னு நிக்கும் இன்னொன்னு நிக்காது.

இன்னொன்னு, நோட் டீபக்கர் சாதாரணமா முடிக்கும்போது முரட்டுத்தனமா தான் முடிக்கும், உங்க கோட்ல ஷட்டவுன் ஹேண்ட்லர், அதாவது நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்தா ஓட வேண்டிய கோட், எழுதியிருந்தா அது ஓடவே ஓடாது. கில்பிஹேவியர்ங்கற செட்டிங்கை பொலைட்னு மாத்தினா முதல்ல சொன்ன 15ஆம் நம்பர் மரியாதை கிடைக்கும். "டீபக் பண்ணும்போது மட்டும் என் க்ளீன்அப் கோட் ஓட மாட்டேங்குது"ன்னு ரெண்டு நாள் தலையை பிச்சுக்கிட்டவங்களை எனக்கு தெரியும், அதுல ஒருத்தர் நான்.

கேள்வி (பைத்தான் கத்துக்கறவர், சேலம்): ஃப்ளாஸ்க்ல (பைத்தான்ல வெப் ஆப் எழுதற ஃப்ரேம்வொர்க்) ஒரு வரில ப்ரோக்ராம் நிக்கட்டும்னு பிரேக்பாயின்ட் வெச்சா அடிக்கவே மாட்டேங்குது. கோட்ல பிரின்ட் மாத்தினாலும் பழைய மெசேஜ் தான் வருது. எரர் எதுவும் இல்ல. விண்டோஸ் மெஷின். பேய் புடிச்ச மாதிரி இருக்கு சார்.

பதில்: பேய் தான், நேத்து நீங்க ஓட்டின சர்வரோட பேய். போர்ட் யூஸ்ல இருக்குன்னு எரர் வந்தா அது நல்ல காலம்னு நினைச்சுக்கங்க, வராம இருக்கறது தான் கெட்ட காலம். பைத்தானோட ஹெச்டிடிபி சர்வர், போர்ட்டை திரும்ப உபயோகிக்க அனுமதி குடுங்கன்னு ஒரு ஆப்ஷனோட தான் திறக்கும். லினக்ஸ்ல அந்த ஆப்ஷனுக்கு அர்த்தம், பழைய கனெக்‌ஷனோட மிச்சம் மீதி இருந்தாலும் பரவால்ல, திறந்துக்கலாம்ங்கறது மட்டும் தான், உயிரோட ஒருத்தர் உக்காந்திருந்தா விடாது. விண்டோஸ்ல அதே ஆப்ஷனுக்கு அர்த்தம் வேற, உயிரோட இருக்கறவர் பக்கத்துலயே இன்னொருத்தரும் உக்காரலாம், ரிக்வெஸ்ட் யாருக்கு போகும்னு மைக்ரோசாஃப்ட் டாகுமென்ட்டே உறுதி குடுக்கறதில்ல. ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் டிக்கெட் எடுத்த மாதிரி. அதனால பழைய கோட் ஓடற ப்ராசஸ் பதில் சொல்லிக்கிட்டு இருக்கு, நீங்க புது ப்ராசஸ்ல பிரேக்பாயின்ட் வெச்சுக்கிட்டு காத்துக்கிட்டு இருக்கீங்க.

நெட்ஸ்டாட் போட்டு பாருங்க, 5000க்கு நேரா ரெண்டு லிசனிங் வரி வேற வேற நம்பரோட இருக்கும். ரெண்டையும் முடிச்சிட்டு புதுசா ஆரம்பிங்க. டீபக் மோட்ல ஃப்ளாஸ்க் சாதாரணமா ரெண்டு ப்ராசஸா தான் ஓடும், ஒன்னு காவல்காரன், ஃபைல் மாறுதான்னு பாக்கும், இன்னொன்னு நிஜமா வேலை செய்யறது, ஜாங்கோவோட ரன்சர்வரும் இப்படித் தான். எடிட்டர் டீபக்கர் காவல்காரனை புடிச்சுக்கிட்டா வேலைக்காரன்கிட்ட பிரேக்பாயின்ட் போகாது. அதனால எடிட்டர்ல இருந்து டீபக் பண்ணும்போது யூஸ் ரீலோடர் ஃபால்ஸ்னு போட்டு, ஜாங்கோன்னா நோரீலோட்னு குடுத்து, ஒத்தை ஆளா ஓட்டறது தான் நிம்மதி, சேவ் பண்ணினா தானா ரீலோட் ஆகாது, அது ஒரு சின்ன கஷ்டம் தான்.

கேள்வி (மேக் வாங்கின புதுசு, திருச்சி): எனக்கும் ஃப்ளாஸ்க், 5000 போர்ட். கில் பண்ணினா உடனே திரும்ப வந்துடுது, பேர் ஏதோ கன்ட்ரோல்சென்டர்னு காட்டுது.

பதில்: அது நீங்க விட்டுட்டுப் போனது இல்ல, ஆப்பிள் வெச்சது. 2021ல வந்த மான்டெரேல இருந்து ஏர்ப்ளே ரிசீவர் 5000ல உக்காந்திருக்கு, கொல்ல கொல்ல சிஸ்டம் திரும்ப எழுப்பும். செட்டிங்ஸ்ல ஏர்ட்ராப் அண்ட் ஹேண்ட்ஆஃப் பகுதில ஏர்ப்ளே ரிசீவரை ஆஃப் பண்ணுங்க, இல்ல உங்க சர்வரை 5001க்கு மாத்துங்க. ரெண்டாவது தான் என் ஓட்டு.

கேள்வி (சி ஷார்ப் டெவலப்பர், ஈரோடு): விண்ஃபார்ம்ஸ் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதறேன். ஃபார்மை எக்ஸ் அமுக்கி மூடிட்டு பில்ட் பண்ணினா ஃபைலை காப்பி பண்ண முடியல, 10 தடவை முயற்சி பண்ணியாச்சுன்னு எரர். டாஸ்க் மேனேஜர்ல பாத்தா என் எக்ஸ்ஈ ஓடிட்டு இருக்கு. விஷுவல் ஸ்டுடியோ பக் தான இது?

பதில்: எல்லாரும் முதல்ல விஷுவல் ஸ்டுடியோவை தான் திட்டுவாங்க. 2015 வெர்ஷன் வரைக்கும் அதுல கொஞ்சம் நியாயமும் இருந்துச்சு, விஎஸ்ஹோஸ்ட்னு பேர் ஒட்டிக்கிட்டு ஒரு ப்ராசஸ் டீபக் பண்ணாதப்பவும் ஃபைலை புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், 2017ல அதை தூக்கிட்டாங்க. உங்க கேஸ்ல எனக்கு சந்தேகம் உங்க லாகின் ஸ்க்ரீன் மேல தான்.

பில்லிங் சாஃப்ட்வேர்னாலே முதல்ல லாகின் ஃபார்ம் வரும், பாஸ்வேர்ட் சரின்னா லாகின் ஃபார்மை ஹைட் பண்ணிட்டு மெயின் ஃபார்மை ஷோ பண்ணுவோம், இல்லையா? அப்ளிகேஷன் டாட் ரன்னுக்கு நீங்க குடுத்தது லாகின் ஃபார்ம். அந்த ஃபார்ம் மூடினா தான் ப்ரோக்ராம் முடியும். யூசர் மெயின் ஃபார்மை மூடிட்டு போயிடறார், லாகின் ஃபார்ம் மறைஞ்சு நிக்குது, சாகல, அதனால ப்ராசஸும் சாகல. உங்க மெஷின்ல பில்ட் எரர், கடைக்காரர் மெஷின்ல சாயங்காலத்துக்குள்ள டாஸ்க் மேனேஜர்ல 12 பில்லிங் சாஃப்ட்வேர். இது டீபக் பிரச்னை மாதிரி தெரியுது, ஆனா கஸ்டமர் பிரச்னை, அதனால தினமும் எக்ஸ்ஈயை கில் பண்ணிட்டு வேலையை பாக்காதீங்க, அந்த எரர் உங்களுக்கு நல்லது தான் பண்ணியிருக்கு. லாகினை டயலாக்கா காட்டி, ஓகே வந்தா மெயின் ஃபார்மை ரன்னுக்கு குடுங்க.

அது இல்லன்னா த்ரெட். நீங்களா நியூ த்ரெட்னு போட்டு ஆரம்பிச்சா அது ஃபோர்கிரவுண்ட் த்ரெட், அது முடியற வரைக்கும் ப்ராசஸ் போகாது. வெயிங் மெஷின்ல இருந்து சீரியல் போர்ட்ல படிச்சுக்கிட்டே இருக்கற லூப் மாதிரி ஏதாவது இருந்தா ஈஸ்பேக்கிரவுண்ட் ட்ரூன்னு வைங்க. நிக்காத ப்ராசஸ்ல டீபக்கரை அட்டாச் பண்ணி பாஸ் அமுக்கி த்ரெட்ஸ் விண்டோவை பாத்தா எந்த த்ரெட் எந்த வரில நிக்குதுன்னு பளிச்னு தெரியும், கொல்றதுக்கு முன்னாடி இந்த போஸ்ட்மார்ட்டத்தை ஒரு தடவை பண்ணிடுங்க, செத்ததுக்கு அப்புறம் கேக்க முடியாது.

உங்க எக்ஸ்ஈ இல்லாம எம்எஸ்பில்ட், விபிசிஎஸ்கம்பைலர்னு ஏதாவது நின்னா அதுக்கு பயப்படாதீங்க. அடுத்த பில்ட் வேகமா வரட்டும்னு வேணும்னே காத்துக்கிட்டு இருக்கறது, எம்எஸ்பில்ட் 15 நிமிஷம் சும்மா இருந்தா தானா போயிடும். அவசரம்னா டாட்நெட் பில்ட் ஹைஃபன் சர்வர் ஷட்டவுன்.

கேள்வி (ஆண்ட்ராய்ட் டெவலப்பர், புதுச்சேரி): ஸ்டுடியோவை மூடியாச்சு, ஜாவான்னு ஒரு ப்ராசஸ் 2 ஜிபி சாப்பிட்டுக்கிட்டு இருக்கே?

பதில்: க்ரேடில் டீமன், அதாவது ஆப்பை பில்ட் பண்ற க்ரேடில் பின்னாடி ஓட விட்டு வெச்சிருக்கற ப்ராசஸ். இதுவும் மேல சொன்ன ரகம், 3 மணி நேரம் வேலை இல்லன்னா தானா போகும். 8 ஜிபி லேப்டாப்ல 3 மணி நேரம் யார் பொறுக்கறது, க்ரேடில்டபிள்யூ மைனஸ் மைனஸ் ஸ்டாப் அடிங்க. எது க்ரேடில் எது உங்க ஆப்னு குழப்பமா இருந்தா ஜேபிஎஸ் மைனஸ் எல், ஓடற ஜாவா எல்லாத்தையும் கிளாஸ் பேரோட சொல்லும்.

கேள்வி (லினக்ஸ் ஆர்வலர், நாகர்கோவில்): கில் மைனஸ் 9 அடிச்சும் சாகாத ப்ராசஸ் ஒன்னு இருக்கு சார், பிஎஸ்ல டிஃபங்ட்னு காட்டுது. ரூட்டா அடிச்சும் நடக்கல.

பதில்: ஏற்கனவே செத்தவனை எப்படிங்க கொல்றது? அது ஸாம்பி. ஆள் போயாச்சு, ரேஷன் கார்டுல பேர் மட்டும் நீக்காம இருக்கு. மெமரி கிடையாது, போர்ட் கிடையாது, ப்ராசஸ் லிஸ்ட்ல ஒரு வரி மட்டும் தான் மிச்சம். அந்த பேரை நீக்க வேண்டியது பெத்தவர், வெயிட்னு ஒரு சிஸ்டம் கால் பண்ணி "என் பிள்ளை எப்படி போனான்"னு கேட்டு வாங்கினா தான் கார்டுல இருந்து போகும். பெத்தவர் கேக்கலைன்னா அப்படியே நிக்கும். பெத்தவரை முடிச்சா பிள்ளை 1ஆம் நம்பருக்கு தத்து போகும், அது உடனே கேட்டு வாங்கி பேரை நீக்கிடும்.

டீபக் பண்றவங்களுக்கு இதுல ஒரு தனி வேடிக்கை இருக்கு. பேரண்ட் ப்ரோக்ராம்ல பிரேக்பாயின்ட் வெச்சு நிறுத்திட்டு நீங்க டீ குடிக்க போறீங்க, அந்த நேரத்துல பிள்ளைங்க எல்லாம் வேலை முடிச்சு சாகுதுங்க, பேரண்ட் உறைஞ்சு நிக்கறதால வெயிட் பண்ண முடியல, திரும்பி வந்து பாத்தா டிஃபங்ட் டிஃபங்ட்னு வரிசையா நிக்கும். ஒன்னும் பண்ண வேணாம், கன்டினியூ அமுக்கினா எல்லாம் காணாம போயிடும்.

பிஎஸ்ல ஸ்டேட் நெடுவரிசைல சின்ன டி இருந்தா அது வேற, யாரோ டீபக்கர் அதை புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கு. ஒரு ப்ராசஸை ஒரு நேரத்துல ஒரு டீபக்கர் தான் புடிக்க முடியும், அதனால நீங்க புதுசா ஜிடிபி அட்டாச் பண்ணினா அனுமதி இல்லன்னு வரும். ப்ராக் ஃபோல்டர்ல அந்த நம்பருக்குள்ள ஸ்டேட்டஸ் ஃபைல்ல ட்ரேசர்பிட்னு ஒரு வரி இருக்கும், புடிச்சிருக்கறது யார்னு அதுலயே நம்பர் இருக்கு. அந்த டீபக்கரை தேடிப் போய் ஒழுங்கா டிடாச் பண்ண சொல்லுங்க, அதுக்கு மட்டும் மைனஸ் 9 அடிச்சிடாதீங்க. ஏன்னா பிரேக்பாயின்ட்ங்கறது உங்க ப்ரோக்ராமோட மெமரில அந்த இடத்துல எழுதி வெச்ச ஒரு ட்ராப் இன்ஸ்ட்ரக்‌ஷன் தான், ப்ரோக்ராம் ஓடிட்டு இருக்கும்போது டீபக்கரை திடீர்னு கொன்னுட்டா அந்த ட்ராப்பை எடுக்க ஆள் இல்ல. டீபக்கர் போயிடுச்சு, எல்லாம் நல்லா ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க, ஒரு மணி நேரம் கழிச்சு ப்ரோக்ராம் அந்த வரிக்கு வரும், மிதிக்கும், ட்ரேஸ் ட்ராப்னு சொல்லிட்டு சாகும். வயல்ல எலிப்பொறி வெச்சவன் ஊரை விட்டு போயிட்ட மாதிரி.

கேள்வி (ஆராய்ச்சி மாணவி, வேலூர்): லேப்ல ஒரே ஜிபியூ, நாலு பேர் பங்கு போட்டுக்கறோம். ஜூபிட்டர் டேபை மூடிட்டு தான் போறேன், ஆனாலும் மெமரி என் பேர்ல நிக்குதுன்னு சீனியர் அக்கா திட்டறாங்க.

பதில்: அக்கா திட்டறது நியாயம்மா. டேபை மூடறது டிவியை ஆஃப் பண்ற மாதிரி, நிகழ்ச்சி ஸ்டேஷன்ல ஓடிட்டு தான் இருக்கும். ஜூபிட்டர்ல உங்க கோடை ஓட்டற கெர்னல் (மேல சொன்ன சிஸ்டம் கெர்னல் இல்ல) தனி ப்ராசஸ், ரன்னிங் பக்கத்துக்கு போய் ஷட்டவுன் குடுத்தா தான் போகும். என்விடியா ஹைஃபன் எஸ்எம்ஐ அடிச்சா எந்த ப்ராசஸ் எவ்வளவு மெமரின்னு வரும். அதுல பேர் இல்லாம மெமரி மட்டும் நிறைஞ்சிருந்தா, ஃப்யூசர் மைனஸ் வி போட்டு டெவ் ஃபோல்டர்ல என்விடியா ஸ்டார்னு குடுங்க, பெரும்பாலும் டேட்டா லோடர் பெத்த அநாதை பிள்ளைங்க தான் மாட்டும், உங்க பேர்ல இருக்கறதை மட்டும் முடிங்க.

செல்லுக்கு பக்கத்துல நட்சத்திரம் போட்டு மணிக்கணக்கா நிக்குதா, மேல போய் பாருங்க, எங்கயாவது டீபக்கரோட குட்டி பெட்டி ஒன்னு உங்க பதிலுக்காக காத்துக்கிட்டு இருக்கும், க்யூ அடிச்சு எண்டர் தட்டுங்க. எரர் வந்த செல்லுக்கு அப்புறம் மெமரி இறங்கலைன்னா, அந்த எரரோட ட்ரேஸ்பேக்கை பைத்தான் ஞாபகமா வெச்சிருக்கு, அதுல இருக்கற டென்சர் எல்லாம் அதோட சேர்ந்து உயிரோட இருக்கு. 1ஐ 0ஆல வகுக்கற ஒரு செல்லை ஓட்டுங்க, புது எரர் வந்து பழைய எரரை தள்ளி விட்டுடும், அப்புறம் ஜிசி கலெக்ட், கூடவே டார்ச்சோட எம்ப்டி கேஷ். சிரிக்காதீங்க, வேலை செய்யும்.

கேள்வி (டெவ்ஆப்ஸ் பயிற்சியாளர், பெங்களூரு): டாக்கர்ல ஓடற ஆப்பை ஸ்டாப் பண்ணினா சரியா 10 செகண்ட் ஆகுது ஒவ்வொரு தடவையும். ஏன்?

பதில்: ஏன்னா உங்க ஆப் 15ஆம் நம்பர் கடிதத்தை படிக்கவே இல்ல, டாக்கர் 10 செகண்ட் பாத்துட்டு 9 அடிக்குது. கன்டெய்னருக்குள்ள, அதாவது டாக்கர் உங்க ஆப்புக்குன்னு ஒதுக்கற தனி பெட்டிக்குள்ள, முதல் ப்ராசஸ் தான் 1ஆம் நம்பர், அதுக்கு லினக்ஸ்ல ஒரு தனி சலுகை, ஹேண்ட்லர் எழுதாத சிக்னல் அதை ஒன்னும் பண்ணாது. அது ஷெல்லா இருந்தா கேக்கவே வேணாம், தனக்கு வந்ததை பிள்ளைக்கு சொல்லவும் சொல்லாது. டாக்கர்ஃபைல்ல சிஎம்டியை அடைப்புக்குறி லிஸ்டா எழுதுங்க, ரன் பண்ணும்போது மைனஸ் மைனஸ் இனிட் சேர்த்துக்கங்க, மேல சொன்ன தத்து எடுக்கற வேலையையும் அதுவே பாத்துக்கும்.

கேள்வி (டீம் லீட், சென்னை): டெவலப்மென்ட் சர்வர்ல பசங்க டீபக் பண்ணிட்டு விட்டுட்டு போற ப்ராசஸ் மெமரி தின்றது ஒரு பக்கம், வேற ஆபத்து ஏதும் இருக்கா? ராத்திரில எல்லாத்தையும் கில்ஆல் போட்டு சுத்தம் பண்ணிடலாமா?

பதில்: மெமரியை விட பெரிய ஆபத்து ஒன்னு இருக்கு. டீபக் போர்ட்ங்கறது, அதுல வந்து சேர்றவர் சொல்ற கோடை ஓட்டற போர்ட், பாஸ்வேர்ட் கிடையாது. நோட் சாதாரணமா 127.0.0.1ல, அதாவது அதே மெஷின்ல இருந்து மட்டும் எட்டற அட்ரஸ்ல, 9229 போர்ட்ல மட்டும் திறக்கும், அதுவரைக்கும் பரவால்ல. வீட்ல இருந்து கனெக்ட் ஆகலையேன்னு யாரோ ஒரு பையன் அதை 0.0.0.0ன்னு, அதாவது எல்லா பக்கமும் திறக்கற மாதிரி, மாத்தி ஓட்டிட்டு, வேலை முடிஞ்சதும் லேப்டாப்பை மூடிட்டு போயிடறான், அந்த சர்வருக்கு பப்ளிக் ஐபி இருந்து ஃபயர்வாலும் விட்டுடுச்சுன்னா ஊருக்கே சாவி குடுத்த மாதிரி. ஜாவால ஜாவா 8 வரைக்கும் அட்ரஸ்னு வெறும் 5005 குடுத்தாலே எல்லா இன்டர்ஃபேஸ்லயும் திறந்துடும், 2017ல வந்த ஜாவா 9ல இருந்து தான் லோக்கல்ஹோஸ்ட்னு மாத்தினாங்க, இன்னும் 8ல ஓடற ப்ராஜெக்ட் உங்ககிட்ட இருந்தா இன்னிக்கே ஒரு எட்டு பாத்துடுங்க. தூரத்துல இருந்து டீபக் பண்ணணும்னா எஸ்எஸ்ஹெச் டனல், வேற எதுவும் வேணாம்.

கில்ஆல் விஷயத்துக்கு என் கதையையே சொல்றேன். சில வருஷம் முன்னாடி நான் இருந்த ஒரு கம்பெனில டெவ் சர்வர்ல எல்லாருக்கும் ஒரே லாகின், செலவு மிச்சம்னு. நான் ஒரு நாள் சாயங்காலம் என் ஆப் நிக்க மாட்டேங்குதேன்னு கில்ஆல் நோட்னு, அதாவது நோட்ங்கற பேர்ல இருக்கறதை எல்லாம் கொல்லுன்னு, அடிச்சேன். என் ஆப் நின்னுச்சு. கூடவே என் எடிட்டரும் நின்னுச்சு, ஏன்னா விஎஸ் கோட் ரிமோட் எஸ்எஸ்ஹெச்ல கனெக்ட் பண்ணும்போது சர்வர் பக்கம் ஓடற அதோட பாதியே ஒரு நோட் ப்ராசஸ் தான். திரும்பி பாத்தா பக்கத்து சீட், எதிர் சீட், எல்லாரோட ஸ்க்ரீன்லயும் ரீகனெக்ட்டிங், ஒருத்தர் மூணு மணி நேரமா ஓட்டிட்டு இருந்த டேட்டா மைக்ரேஷனும் நோட்ல தான் எழுதியிருந்தார். அந்த வாரம் முழுக்க டீ செலவு என்னுது.

அதனால ஆளுக்கு ஒரு லாகின் குடுங்க, அப்ப யாரும் அடுத்தவர் ப்ராசஸை தொட முடியாது. ராத்திரி சுத்தம் பண்றதுக்கு ஸ்க்ரிப்ட் எழுதறதுன்னா பேரை வெச்சு தேடாம, பேரண்ட் நம்பர் 1, கமாண்ட் லைன்ல டீபக் அடையாளமா இன்ஸ்பெக்ட் (நோட்) அல்லது ஜேடிடபிள்யூபின்னு (ஜாவா) இருக்கு, பல மணி நேரமா ஓடுது, இந்த மூணும் சேர்ந்ததை மட்டும் எடுங்க. முதல் ரெண்டு வாரம் கொல்லாம லிஸ்ட் மட்டும் எடுத்து காலைல க்ரூப்ல போடுங்க, யார் பேர் வருதுன்னு தெரிஞ்சா பசங்களே பாதியை முடிச்சிடுவாங்க.